புரட்டாசியில் வந்த அம்மை

எங்கள் வீட்டில் யாருக்கும் அவ்வளவு சுலபமாக உடம்புக்கு வந்துவிட முடியாது. அதற்கு அம்மாவிடம் உத்தரவு வாங்க வேண்டும். தலை வலிக்கிறது என்றால், "தலைன்னு ஒண்ணு இருந்தா வலிக்கத்தான் செய்யும்" என்பாள். வயிறு வலிக்கிறது என்றால் ஓமத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவாள். காய்ச்சல் என்றால் புறங்கையைக் கழுத்தில் வைப்பாள், வைத்த வேகத்திலேயே எடுப்பாள், "அடுப்புக்கிட்டக் குந்தியிருந்தா சுடாம என்ன பண்ணும்" என்று சொல்லிவிட்டுத் தன் காரியத்தைப் பார்க்கப் போவாள். கடைசிச் சோதனை கஞ்சி. ஒரு வட்டில் கஞ்சி உள்ளே இறங்கினால் அவள் கணக்கில் அது காய்ச்சலே இல்லை. இறங்காவிட்டால் அது திமிர்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எங்கள் அம்மாவுக்குத் தனக்கு வந்தும் தெரிந்ததில்லை. அப்பா செத்து, புதுச்சத்திரத்துப் பக்கமிருந்த மேட்டாங்காடும் வறண்டு கிடந்தபோது, அண்ணனையும் என்னையும் இழுத்துக்கொண்டு சேலம் வந்து சேர்ந்தவள் அவள். முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்த நாளிலும் நாலு வீட்டுக்கு மாவிடித்துக் கொடுத்தாள். அதனால் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. தனக்கொரு நியாயம், பிள்ளைகளுக்கொரு நியாயம் என்று அவள் வைத்துக்கொண்டதில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சொல்லப்போவது சண்டைக்காலத்தில் நடந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்துக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் வந்திறங்கிய வருஷம். நான் நூல் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பெண்களுக்கு ரீலிங் பகுதியில் வேலை. கண்டுகளில் இருக்கும் நூலைச் சுழலும் சட்டத்தில் ஏற்றிக் கழி கழியாகச் சுற்றி எடுக்க வேண்டும். அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். ஒரு மெஷினுக்கு ஒருத்தி. மெஷின் யார் பேரில் இருக்கிறதோ அவள் மகாராணி. மற்றவர்கள் பதிலி. பதிலிக்காரி விடியும் முன்னே கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்க வேண்டும். அன்றைக்கு எவளாவது வராமல் போனால் மேஸ்திரி விரலைக் காட்டுவார், உள்ளே போகலாம். இல்லாவிட்டால் சங்கு ஊதின பிறகு தூக்குப்போசியை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மெஷின் ஒருத்தி பேருக்கு வருவது ஆயுத பூஜை அன்றைக்கு. அது எங்கள் மில்லின் வழக்கம். யார் ஏற்படுத்தினார்களோ தெரியாது. அன்றைக்கு மெஷினைத் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைப்போம். மேஸ்திரி சூடத்தட்டை ஏந்திக்கொண்டு வரிசையாக வருவார். ஒவ்வொரு மெஷினுக்கு முன்னாலும் நின்று, "இது யாரு பேருல?" என்று கேட்பார். பொட்டு வைத்தவள் ஒரு பேரைச் சொல்ல வேண்டும். அந்தப் பேருக்கு அது. அப்புறம் அவள் காய்ச்சலில் கிடந்தாலும், பிள்ளை பெறப் போனாலும் இடம் அவளுடையது. அவளாக விட்டால்தான் உண்டு.

அந்த ஆடியில் ஒரு வயசான அம்மாள் கண் தெரியவில்லை என்று வேலையைவிட்டு நின்றுகொண்டாள். அவள் மெஷினில் மேஸ்திரி என்னை நிறுத்தினார். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று ஒரு நாள் விடாமல் நானே நின்றேன். "பூசைக்கு நீயே பொட்டு வெச்சுக்க அம்மிணி, நடுவுல மட்டும் நின்னுறாத" என்று அவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பதிலி ஒரு நாள் வராமல் நின்றால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவாள். எனக்கு அந்த மெஷின் வேண்டும். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. நூல் அறுகிற சத்தம்கூட எனக்கு அதன் குரல் போலத்தான் இருந்தது.

அண்ணன் மண்டியில் மூட்டை தூக்கினான். அவன் பெண்டாட்டியை, எங்கள் பக்கத்து வழக்கப்படி, நான் நங்கை என்று கூப்பிடுவேன். நங்கையும் என்னைப் போலவே பதிலிக்காரிதான். குழந்தை பிறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதை அம்மாவிடம் விட்டுவிட்டு அவளும் என்னோடு கேட்டுக்கு வருவாள். பெரும்பாலும் திரும்பிப் போவாள். போகும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நல்ல சிரிப்பு. இன்றைக்கும் அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

பூஜைக்கு முந்தின வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. அது நிஜக் காய்ச்சல். கண் எரிந்தது, நூலைத் தொட்டால் விரல் நுனியில் முள் குத்துவது போல இருந்தது, சட்டம் சுழல்வதைப் பார்த்தால் நானும் சேர்ந்து சுழன்றேன். அம்மாவிடம் சொன்னேன். புறங்கையை வைத்தாள், எடுத்தாள். "ஒண்ணுமில்ல, போ." நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். இந்தத் தடவை எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது. அம்மாவே ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதானே! கஞ்சியை அவள் கண்ணெதிரில் குடித்தேன். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் போய் வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு மில்லுக்கு நடந்தேன்.

மில்லிலும் காய்ச்சலுக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. தலைவலி, இடுப்புவலி என்று சொன்னால் மேஸ்திரி சிரிப்பார். காய்ச்சல் என்றால் கம்பவுண்டர் நம் வாயில் கண்ணாடிக் குச்சியை வைத்துப் பார்த்துவிட்டு, அது ஏறவில்லை என்று அனுப்பிவிடுவார். கேள்வியே கேட்காமல் ஒப்புக்கொள்கிற சீக்கு ஒன்றே ஒன்றுதான். வீட்டு ஆள் ஒருத்தர் கேட்டுக்கு வந்து ஒரு கொத்து வேப்பிலையைக் காட்டிவிட்டுப் போனால் போதும். வாய் திறந்து எதுவும் சொல்லக்கூட வேண்டாம். வாட்சுமேன் கன்னத்தில் போட்டுக்கொள்வான். மூன்று தண்ணி ஊற்றி முடிகிற வரைக்கும் அந்த வீட்டிலிருந்து யாரும் மில்லுக்கு வரக்கூடாது. அது ஆத்தாளின் உத்தரவு. மில்லுக்காரன் உத்தரவெல்லாம் அதற்குக் கீழே.

காய்ச்சலோடு நான் நாலைந்து நாள் ஓட்டினேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று மேஸ்திரி கேட்டதற்குப் பஞ்சு விழுந்துவிட்டது என்றேன். ஒரு நாள் பொழுதோட வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் அண்ணனும் நங்கையும் பொடக்காளியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் இருந்த நிலையில் அதை யோசிக்கவும் தெம்பில்லை. மறுநாள் காலையில் நங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "எங்கம்மாவைப் பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பினாள். அவள் தாய்வீடு மில்லுக்கு அந்தப் பக்கம். துணி மூட்டை கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் நான் எழுந்தபோது காய்ச்சல் குறைந்திருந்தது. உடம்பில் வேர்வை. அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். தலையை முடிந்துகொண்டு கிளம்பப் போனவளை அம்மா பிடித்து நிறுத்தினாள். ரவிக்கைக் கையை மேலே தள்ளினாள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். ரீலிங்கில் வேலை செய்கிற எல்லாப் பெண்களுக்கும் பஞ்சும் வேர்வையும் சேர்ந்து கழுத்திலும் கையிலும் சிவப்பாகப் பொரிந்திருக்கும். எனக்கும் இருந்தது. காய்ச்சல் சூட்டில் கொஞ்சம் கூடுதலாகவே இருந்திருக்கும்.

அம்மா இரண்டடி பின்னால் நகர்ந்தாள். கையைக் கூப்பினாள். "மாரியாத்தா! தாயே! எங்கூட்டுக்கா வந்திருக்கறே!"

"அம்மா, இது வேர்க்குருதான். மில்லுல எல்லாத்துக்கும் இருக்குது."

"வாயக் கழுவு! ஆத்தாளப் போயி வேர்க்குருங்கறே! கன்னத்துல போட்டுக்க, போட்டுக்க முதல்ல!"

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதோடு என் வழக்கு முடிந்துவிட்டது. காய்ச்சல் என்றால் வாதாடலாம், இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். ஆத்தாள் வந்திருக்கிறாள் என்று ஒரு வாய் சொல்லிவிட்டால், இல்லை என்று சொல்ல எந்த நாக்குக்குத் துணிச்சல் வரும்? வந்தவளை வரவில்லை என்று சொன்ன குற்றத்துக்குக் கண்ணைப் பிடுங்கிக்கொண்டு போவாள் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அம்மா வாசல் நிலையில் வேப்பிலை செருகியபோது நான் பாயில் உட்கார்ந்துவிட்டேன். மெஷின், மெஷின் என்று மட்டும் வாய் முணுமுணுத்தது.

அப்போது நங்கையின் ஞாபகம் வந்தது. ஒருத்தி வரமுடியாமல் போனால், அவள் வீட்டு ஆள் பதிலி வரிசையில் இருந்தால் அந்த மெஷினில் நிற்க முதல் உரிமை வீட்டு ஆளுக்குத்தான். நங்கை எங்கள் வீட்டு ஆள். ஆனால் இப்போது இந்த வீட்டில் இல்லை, தாய்வீட்டில் இருக்கிறாள். ஆகவே மில்லில் விடுவார்கள். கடவுளாகப் பார்த்து அவளை முந்தின நாளே அனுப்பி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். அப்படித்தான் நினைத்தேன்.

"அம்மா, நங்கையப் போயி எம் மெஷின்ல நிக்கச் சொல்லு. பூசையன்னிக்கு எம்பேரச் சொல்லிப் பொட்டு வெக்கச் சொல்லு."

"அதெல்லாம் உங்கண்ணங்கிட்டச் சொல்லியாச்சு. நீ படுத்துக்க சாமி."

சாமி! அம்மா என்னை அப்படிக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! கைக்குழந்தையாக இருந்தபோது கூப்பிட்டிருக்கலாம். எனக்கு நினைவு தெரிந்து "ஏ புள்ள" தவிர வேறு பெயரில்லை. நான் பாயில் சாய்ந்தேன். அண்ணன் வேப்பங்கொத்தை எடுத்துக்கொண்டு மில் கேட்டுக்குப் போனான். அன்றிலிருந்து மண்டியிலேயே படுத்துக்கொண்டான்.

அதன் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவ்வளவு நன்றாக இருந்தன. அம்மா என் பக்கத்தைவிட்டு நகரவில்லை. வேப்பிலைக் கொத்தால் முதுகில் மெல்ல வருடிவிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்கிற வரைக்கும் வருடினாள். பக்கத்து வீட்டு பாயம்மா வாசலில் வைத்துவிட்டுப் போன இளநீரை வெட்டி, என் தலையைத் தூக்கிப் பிடித்து, தானே வாயில் ஊற்றினாள். கடைவாயில் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். மாவிடிக்கக் கூப்பிட்டவர்களை வாசலிலேயே நிறுத்தி, "எம்புள்ளைக்கு ஆத்தா இருக்கறா, நான் எங்கயும் வரமாட்டேன்" என்று சொன்னாள். உள்ளேயிருந்து அதைக் கேட்டேன். எம்புள்ளைக்கு என்றாள். என் உடம்பும் ஒரு உடம்புதான், அதற்கும் வலி வரும் என்று அம்மா ஊரறிய ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன்.

இரண்டாம் நாளே காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட்டது. கழுத்தில் இருந்த சிவப்பும் அடங்கிவிட்டது. மில்லுக்குப் போகாத உடம்பில் வேர்க்குரு எத்தனை நாள் நிற்கும்? "அம்மா, முத்தெல்லாம் காணோம்" என்றேன். அம்மா ஒரு கணம் தடுமாறியதைப் பார்த்தேன். "ஆத்தா உள்ளுக்குப் போயிட்டா. அதுதான் மோசம். அசையாமப் படுத்திருக்கோணும்" என்றாள். அந்தத் தடுமாற்றத்தை நான் பயம் என்று எடுத்துக்கொண்டேன். என்னைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று அம்மா பயப்படுகிறாள் என்று எனக்குள் ஒரு பெருமை. நான் உண்மையில் துவண்டு கிடந்த நாட்களில் என்னை மில்லுக்குத் துரத்தினாள். எழுந்து ஓடத் தெம்பு வந்த பிறகு படுக்கவைத்து இளநீர் ஊற்றினாள். இந்தக் கணக்கு அப்போதே என் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். தாய் ஊட்டும்போது யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

பூஜை அன்றைக்கு மில் சங்கு வழக்கத்தைவிட நீளமாக ஊதியது. சூடம் கொளுத்துகிற நேரம். நான் பாயில் எழுந்து உட்கார்ந்து, மில் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். மேஸ்திரி என் மெஷினுக்கு முன்னால் வந்து நிற்பதை, நங்கை என் பேரைச் சொல்வதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். "ஆத்தா, எனக்கு முகமெல்லாம் தழும்பு குடு, பரவாயில்ல. மெஷின மட்டும் எம்பேருக்குக் குடு" என்று வேண்டிக்கொண்டேன். வாய்விட்டே வேண்டிக்கொண்டேன். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். கேட்டிருப்பாள். எழுந்து பொடக்காளிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் நங்கை வந்தாள். தண்ணி ஊற்றுவது இன்னும் தொடங்கவேயில்லை. வாசலில் வேப்பிலை அப்படியே இருந்தது. அதைத் தலையால் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே வந்தாள். ஒரு கையில் மில்லில் கொடுத்த பொரி கடலைப் பொட்டலம். இடுப்பில் குழந்தை. என்னைக் கண்டதும் குழந்தை தாவியது. நங்கை அதைக் கீழே இறக்கிவிட்டாள்.

நான் அலறிவிட்டேன். "தூக்குங்க நங்கை! எம்மேல ஆத்தா இருக்கறா! பச்சக்கொழந்தையப் போயி இறக்கி உடறீங்களே!"

குழந்தை தவழ்ந்து வந்து என் பாயில் ஏறியது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு காலை மடக்கினேன். அது என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. பாயில் கிடந்த வேப்பங்கொழுந்தை எடுத்து வாயில் வைத்து, கசந்ததும் துப்பியது. நான் மறுபடியும் கத்தினேன். யாரும் அசையவில்லை. அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. நங்கை என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள்.

சித்திரை மாதம் மூன்று வீடு தள்ளி ஒரு பையனுக்கு அம்மை கண்டிருந்தது. அன்றைக்கு இதே நங்கை குழந்தையின் அரைஞாணில் வேப்பங்குச்சியைக் கட்டி, மூக்கையும் வாயையும் முந்தானையால் மூடி, அந்தத் தெரு வழியாகப் போகாமல் பள்ளத்தில் இறங்கி ஏறித் தாய்வீட்டுக்கு ஓடினாள். அவள் மட்டுமில்லை, கைக்குழந்தைக்காரி எவளும் அப்படித்தான் செய்வாள். அம்மை இருக்கிற வீட்டுக்குள், அம்மை கண்டவளின் பாயில், தன் குழந்தையை இறக்கிவிடுகிற தாய் இந்த உலகத்தில் கிடையாது. அங்கே அம்மை இல்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தாலொழிய.

குழந்தை என் மடியில் உட்கார்ந்துகொண்டது. நான் அதைத் தள்ளவில்லை.

"பொட்டு யாரு பேருல வெச்சீங்க?" என்று கேட்டேன்.

நங்கை பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "அத்தை சொன்னபடிதான் அம்மிணி சொன்னேன்."

"யாரு பேருன்னு கேட்டேனுங்க."

"எம்பேருதான்."

அம்மா முறத்தை வைத்துவிட்டு அப்போதுதான் என்னைப் பார்த்தாள். அழுவாளோ, சாக்குச் சொல்வாளோ என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. எருமையை எந்தப் பக்கம் கட்டுவது என்று பேசுகிற குரலில் பேசினாள். "தையில உனக்குக் கண்ணாலம். பேசி முடிச்சாச்சு. நீ இன்னொருத்தன் ஊட்டுக்குப் போறவ. மெஷினு உம்பேருல இருந்தா அவனூட்டுக்குத்தான் சம்பாரிச்சுப் போடுவ. இவ இங்கயே இருக்கறவ. ஊட்டுப் பொருளு ஊட்டுல இருக்கட்டும்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமல்ல?"

"கேட்டாக் குடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன். சத்தியமாகக் கொடுத்திருக்க மாட்டேன். அதுவும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. காய்ச்சல் என்று சொல்லி என்னை நிறுத்த முடியாது, மில் கேட்டில் செத்து விழுந்தாலும் விழுவேனே தவிர நிற்க மாட்டேன் என்று தெரிந்துதான், நான் எதிர்த்துப் பேச முடியாத ஒரே ஆளைக் கூப்பிட்டு வந்து வாசலில் நிறுத்தினாள்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்வார்கள். அது மற்றவர்களுக்காகச் சொன்ன வார்த்தை என்று நான் நினைத்திருந்தேன். வேலியே பயிரை மேய்ந்தது என்றும் சொல்லலாம், கூட இருந்தே குழி பறித்தாள் என்றும் சொல்லலாம். எந்தப் பழமொழியாலும் எனக்கு மனசு ஆறவில்லை. மெஷினை எடுத்துக்கொண்டதைக்கூட ஒரு நாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. வீட்டில் ஒருத்திக்கு ஒன்று, இன்னொருத்திக்கு இல்லை என்பது எந்த ஏழை வீட்டிலும் நடக்கிறதுதான். அந்த இளநீர்! என் தலையைத் தூக்கிப் பிடித்த அந்தக் கை! சாமி என்ற அந்தச் சொல்! அதெல்லாம் எனக்கென்று வந்தவை என்று நான் அழுதேனே, அந்த அழுகையை யார் எனக்குத் திருப்பிக் கொடுப்பது? எனக்குத் தாய்ப்பாசம் கிடைத்த நாட்கள் என்று நான் எண்ணி வைத்திருப்பவை அவ்வளவுதான். அவையும் களவு.

அண்ணனைக் கேட்டேன். வாசலுக்கு வெளியே நின்று தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே, "அம்மா சொல்லுச்சு, நான் என்ன பண்றது" என்றான். மூட்டை தூக்குகிறவனுக்குத் தோள்தான் பலம், நாக்கு இல்லை.

மெஷின் கடைசி வரைக்கும் நங்கையிடம்தான் இருந்தது. எனக்குச் சொன்னபடியே தையில் கல்யாணம் ஆயிற்று. சங்ககிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். போன இடத்தில் காடு, மாடு. மில் சங்கு அங்கே கேட்காது. உடம்புக்கு முடியவில்லை என்று நான் அங்கே யாரிடமும் சொன்னதில்லை. ஒரு தடவை காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தபோது மாமியார் நெற்றியில் கை வைக்க வந்தாளாம். தட்டிவிட்டேனாம். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன் என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் எனக்குத் தண்ணி ஊற்ற வேண்டியிருந்தது. வேப்பிலை செருகியாகிவிட்டது, தெருவுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. தண்ணி ஊற்றாமல் எடுத்தால் தெரு என்ன பேசும்? அதுகூடப் பெரிதில்லை. அம்மாவுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. மகளை ஏமாற்றினாள், அது வீட்டுக்குள் முடிகிற சங்கதி. மாரியாத்தாளின் பேரை எடுத்துவிட்டாளே! ஒரு நாள் விட்டு ஒரு நாள், முறை தப்பாமல், தவலையில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்தாள். அவளே உப்பில்லாத சோறு தின்றாள். கூழ் காய்ச்சி வைத்தாள். எனக்கு நோய் இல்லை என்று தெரிந்த மூன்று பேரும் எனக்கு நோய் தீர்வதற்கான சடங்கை ஒரு குறையில்லாமல் செய்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். நான் வேறெங்கே போவது?

மூன்றாம் தண்ணியன்றைக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். காலமில்லாத காலத்தில் வந்த ஆத்தா முகத்தில் ஒரு வடுகூட வைக்காமல் இறங்கிவிட்டாள் என்று ஆளாளுக்கு வியந்துகொண்டிருந்தார்கள். நான் மணைக்கட்டையில் குந்தியிருந்தேன். அம்மா சொம்பை முகந்து வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் மண்டியிட்டாள். வீங்கின முழங்கால் அவளுக்கு. மடங்காத காலை மடக்கி மண்டியிட்டாள். அம்மை இருக்கிற வரைக்கும் அந்த உடம்பு ஆத்தாளுடையது என்பதால் என்னை நோக்கித்தான் கும்பிட வேண்டும். கும்பிட்டாள்.

"மாரியாத்தா, தாயே, ஏதோ தெரியாமச் செஞ்சிருப்பேன். பொறுத்துக்க. எங்கூட்டுப் புள்ளைகளக் காப்பாத்து. குளுந்து இறங்கிப் போயிரு தாயே."

கண்ணில் தண்ணீர் கொட்டியது அவளுக்கு. அது பொய்யில்லை. நான் காத்திருந்தேன். ஆத்தாளிடம் கேட்ட பிறகு, அதே வாயால், ஒரே ஒரு வார்த்தை என்னிடம் கேட்பாள் என்று காத்திருந்தேன். கூப்பின கைக்கும் என் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. அவள் கும்பிட்டு முடித்தாள். எழுந்து சொம்பை எடுத்தாள்.

தெருவே நின்றுகொண்டிருந்தது. நான் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரித்தான் சொன்னேன்.

"தெரிஞ்சுதானே செஞ்சே."

சொம்பு என் தலைக்கு மேல் அப்படியே நின்றது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. பெண்கள் குலவையிடக் காத்திருந்தார்கள்.

"கண்ணை மூடிக்க புள்ள, மஞ்சத்தண்ணி எரியும்" என்றாள்.

நான் மூடிக்கொண்டேன். அவள் ஊற்றினாள்.